‘மேல போலே!’

“ஏலே! ஏலே, லிங்கம்!”

போன மழைக்காலத்துக்கு முந்தின ஒரு மத்தியானம். தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு யாரோ இப்படிக் கத்தினார்கள். நான் அடுப்பிலிருந்து தேங்காய்ப்பால் சொதியை இறக்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து, சொதி என் சேலை முழுக்கத் தெறித்தது.

விழாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. ஹார்பர் ஒர்க் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். லாரிக்காரர் முதல் ஏஜென்ட் வரைக்கும் எல்லாருக்கும் அவர் ‘லிங்கத்தண்ணாச்சி’. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மனுஷனை நடுத்தெருவில் நின்று ‘ஏலே’ என்று கூப்பிட எவனுக்கு நெஞ்சழுத்தம்?

கரண்டியை எடுத்துக்கொண்டே வாசலுக்குப் போனேன். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டுக்கு வெளியே ஒரு வடநாட்டுக் கிழவர். நெட்டையாக, வெள்ளை மீசையோடு, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். பின்னால் வாகைக்குளம் ஏர்போர்ட் டாக்சி. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, தலையைத் தாழ்த்தி, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: “நமஸ்தே, ஏலே மேடம்.”

ஆத்தாடி! என் பிறந்த வீட்டில்கூட என்னை ஒருத்தரும் ‘ஏலே’ என்று சொன்னதில்லை. பெண்ணைக் கூப்பிட ‘ஏளா’ என்று தனிச்சொல் இருக்கிற ஊர் இது. நான் வாயைத் திறக்குமுன், எனக்குப் பின்னால் தடதடவென்று சத்தம். எங்கள் வீட்டுக்காரர் வெறும் பனியனோடு ஓடி வந்தார். வந்த வேகத்தில் அப்படியே விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

“ஹரீஷ் சார்!”

இரண்டு கிழவர்களும் கேட்டின் குறுக்குக் கம்பிக்கு மேலேயே கட்டிக்கொண்டார்கள். கேட்டைத் திறக்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான்தான் திறந்துவிட்டேன்.

பிளேன் ஓட்டுத மாப்பிள்ளை

இந்த இடத்தில் என் கல்யாணக் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் சொன்னது, “மாப்பிள்ளைக்கு பிளேன்ல வேலை.” அவ்வளவுதான். அது எங்கள் தேரிக்காட்டுச் சொந்தக்காரர்கள் வாயில் புகுந்து வெளியே வரும்போது, “மாப்பிள்ளை பிளேன் ஓட்டுதாரு” என்று ஆகிவிட்டது. கல்யாணத்தன்று பந்தியில் என் சின்ன மாமா அவரிடமே கேட்டுவிட்டார்: “மாப்ளே, மேல போனா நம்ம பனைமரம்லாம் எம்புட்டுத் தண்டி தெரியும்?”

இவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் மேல போறதில்ல மாமா. கீழதான் நிப்பேன். டயருக்குக் காத்தடிக்கணும், எண்ணெய் ஊத்தணும், ஓட்டுதவருக்கு பெல்ட்டு மாட்டணும். அதான் வேலை.”

 அன்றிலிருந்து என் தம்பிமார் அவருக்கு வைத்த பெயர் ‘காத்தடி மச்சான்’. அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணத்துக்குப் பிறகு சில வருஷம் வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்தோம். காய்கறிக்காரனோடு சண்டை போட்டுப் போட்டு ஹிந்தி கற்றுக்கொண்டேன். நான் வருவதற்கு முன்பே போர் நடந்து முடிந்திருந்தது. அதில் இவர் எல்லைப்பக்கத்து விமானத் தளம் ஒன்றில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். “அங்கன என்ன நடந்துச்சு?” என்று கேட்டால், “குளிரு” என்பார். வேறொன்றும் வராது. அப்புறம் ஊருக்கு வந்து அவர் ஹார்பரில் சேர்ந்தார், நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன். கேட்பதையும் விட்டுவிட்டேன்.

கயிறு பிடிக்கிறவர்கள்

வந்தவர் அந்தப் போரில் சண்டை விமானம் ஓட்டியவர். அந்த விமானத்துக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டவர் எங்கள் வீட்டுக்காரர். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் யார் யாரையோ விசாரித்து, விலாசம் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

சொதியும் இஞ்சித் துவையலும் போட்டுச் சாப்பிடவைத்தேன். சாப்பிடும்போதுதான் ‘ஏலே’ விவகாரம் வெளியே வந்தது. இவர் அங்கே எல்லாரையும் ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஒருநாள் வாய் தவறி, ஹரீஷ் சாரையே “ஏலே, தலையக் குனிலே” என்றுவிட்டாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்க, பயந்துபோன நம்ம ஆள், “எங்க ஊரில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்” என்று அளந்துவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து அங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் ஏலேதான். அந்த மரியாதைதான் அன்று எனக்கும் கிடைத்தது.

“நம்ம ஊருல முங்குறவன் கீழ போவான், கயிறு பிடிக்கிறவன் மேல இருப்பான். அங்கன தலைகீழ். முங்குறவரு மேல, நாங்க கீழ” என்று இவர் எனக்கு விளக்கினார். முத்துக் குளிக்கிறவர்கள் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று எங்கள் கடற்கரையில் சொல்வதுண்டு. அக்கா தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை.

ஹரீஷ் சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பேசியது ஹிந்தி; இவர் அவரிடம் பேசியதும் பெரும்பாலும் அதுதான். நான் தமிழில் எழுதுகிறேன்.

“அம்மா, உங்கள் கணவர் எனக்கு பெல்ட் மாட்டும்போது என் கை நடுங்கும். தினமும் நடுங்கும். சில நாள் விமானத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டுத்தான் ஏறுவேன். இவர் ஒருநாளும் என் கையைப் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே மாட்டுவார்.”

“பாத்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்லா” என்றார் இவர் தமிழிலேயே.

நான் துவையல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீரர் என்றால் நடுங்காதவர் என்று அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். இங்கே நடுங்கிக்கொண்டே தினமும் ஏறிய மனுஷன் என் வீட்டில் உட்கார்ந்து சொதி சாப்பிடுகிறார்.

மேலே போன விமானம் திரும்புகிறவரை கீழே இருக்கிற யாரும் வாயைத் திறக்க மாட்டார்களாம். இன்ஜின் சத்தத்தை வைத்தே போனது எத்தனை, வருவது எத்தனை என்று எண்ணுவார்களாம். குளிரில் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் தோல் அதிலேயே நிற்கும். அந்தக் கையோடு எண்ணெய் ஊற்றி, குண்டு ஏற்றி, மறுபடி அனுப்பவேண்டும். இதைத்தான் இவர் இத்தனை காலம் “குளிரு” என்ற ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்.

கடைசி வரிசையில் ஒரு பெண்

கை கழுவி வந்ததும் ஹரீஷ் சார், வந்த காரியத்தைச் சொன்னார்.

“அடுத்த மாதம் நம் ஸ்குவாட்ரன்காரர்கள் கூடுகிறோம். இறந்துபோன ஒவ்வொருவரைப் பற்றியும் நான் பேசவேண்டும். ஜகத் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. உன்னிடம் இருக்குமா என்று கேட்கத்தான் வந்தேன்.”

ஜகத் யார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஹிமாச்சல் மலைக்காரர். அதே விமானத்துக்குக் கீழே எங்கள் வீட்டுக்காரரோடு ஜோடியாக வேலை பார்த்தவர். போரில் இறந்துபோனார். ஆனால் உடல் கிடந்த இடத்தை வைத்து, குண்டு விழுந்தபோது பதுங்குகுழிக்கு ஓடாமல், பயந்துபோய் விமானத்துக்கு அடியிலேயே ஒளிந்து செத்தான் என்று ஒரு பேச்சு. எவரும் எழுத்தில் வைத்ததில்லை. லீவில் போன யாரோ சொல்லி, அது அவர் கிராமம்வரை ஏறிவிட்டது.

“அவன் மனைவி எங்கள் கூட்டத்துக்கு ஒவ்வொரு தடவையும் வருகிறாள். கடைசி வரிசையில் உட்காருவாள். யாராவது அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்களா என்று காத்திருப்பாள். யாரும் சொல்வதில்லை. சாப்பிடாமல் போய்விடுவாள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போரில் இறந்தவர்கள் படமெல்லாம் மாட்டியிருக்கிறார்களாம். ஜகத் படத்தை மட்டும் மாட்டவிடவில்லை. அவளுக்கும் வயதாகிவிட்டது, லிங்கம். ஒரு வார்த்தை இருந்தால் கொடு.”

எங்கள் வீட்டுக்காரர் முகம் கல்லாகிவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை.

“அவனைப் பத்திப் பேச என்ன இருக்கு சார்? என் கூட ஒரே போர்வையில படுத்தவன். தமிழ் சொல்லிக் குடுத்தேன். என் தம்பி மாதிரி. நீங்க மேல ரத்தத்தோட கெடந்தீங்க. அவன் அடியில போயி ஒளிஞ்சுக்கிட்டான். அதுக்கப்புறம் நான் அவன் பேரைச் சொன்னதில்ல.”

அத்தனை வருஷ மௌனத்துக்குக் காரணம் குளிரில்லை. 

வா, போ

“அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல். எனக்குப் பாதிதான் ஞாபகம்” என்றார் ஹரீஷ் சார்.

இவர் சொன்னார். ஹரீஷ் சார் விமானத்தில் ஏறி, பெல்ட் மாட்டி, உத்தரவுக்காகக் காத்திருக்கிறார். உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி திறந்திருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். இவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போகிறார். ஜகத் கீழே சக்கரத்துப் பக்கம் நிற்கிறார். அபாயச் சங்கும் எதிரி விமானமும் சேர்ந்தே வந்தன. இவர் பக்கத்திலிருந்த பதுங்குகுழியில் விழுந்தார். குண்டு இவர்கள் விமானத்துக்கு அருகிலேயே விழுந்தது.

“தலையத் தூக்கிப் பாத்தா ஒரே புகை. ஒண்ணும் தெரியல. அப்ப சார் என்னக் கூப்பிட்டாரு.”

“நானா?”

“ஆமா. ‘ஏலே லிங்கம், மேல போலே! மேல போலே!’ன்னு ரெண்டு மூணு தடவ. அந்தச் சத்தத்தப் பிடிச்சிக்கிட்டே ஓடினேன். ஏணி சரிஞ்சு கெடந்துச்சு. இறக்கையில காலை வச்சு ஏறினேன். பெல்ட்ட அறுத்து அவரத் தோள்ல போட்டுக்கிட்டு மறுபக்கம் குதிச்சேன். கொஞ்ச தூரம் போறதுக்குள்ள டேங்க் வெடிச்சிருச்சு.”

என் வீட்டுக்காரர் எரிகிற விமானத்தில் ஏறியிருக்கிறார். காத்தடி மச்சான்!  அழுவதா, அவரைப் போட்டு நாலு அடி அடிப்பதா என்று தெரியவில்லை.

இரண்டும் செய்யாமல் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். பிழையைத் திருத்தினேன்! யார் தப்பாகப் பேசினாலும் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. நெஞ்சு படபடக்கிற நேரத்தில் அந்தப் பழக்கம்தான் முந்திக்கொண்டது.

“மேல வாலேன்னுல்லா இருக்கணும்? அவரு மேல இருந்துக்கிட்டு எப்படி ‘மேல போ’ன்னு சொல்லுவாரு?”

“ஏளா, நீ சும்மா இரி. வடக்க உள்ளவங்களுக்கு வா எது, போ எதுன்னு தெரியுமா? மாத்திச் சொல்லிருப்பாரு.”

“மேடம் என்ன சொல்கிறார்?” என்று ஹரீஷ் சார் கேட்டார்.

என் காய்கறி ஹிந்தியில் விளக்கினேன். மேலே இருக்கிறவன் கூப்பிட்டால் ‘வா’ என்பான். ‘போ’ என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறவன் கீழே இருக்கவேண்டும்.

ஹரீஷ் சாரின் முகம் வெளுத்துவிட்டது. கையை எடுத்துத் தாடையில் வைத்துக்கொண்டார். அங்கே ஒரு பழைய கோணல் இருந்தது.

“லிங்கம், நான் கூப்பிடவில்லை.”

“கூப்பிட்டீங்க சார். என் காதால கேட்டேன்.”

“என் தாடை உடைந்திருந்தது. வாயெல்லாம் ரத்தம். முகத்தில் மாஸ்க் வேறு. என்னால் ஒரு சத்தம்கூடப் போட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டிப் படுத்திருந்தேன், ஞாபகமில்லையா? அப்போதெல்லாம் எழுதிக் காட்டித்தான் தண்ணீர் கேட்பேன். நீயாகவே வந்தாய் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.”

 அடுத்த தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனது கேட்டது.

நான்தான் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கலாம், ஆனால் கேட்டேன். “அங்கன வேற யாருக்குங்க தமிழ் தெரியும்?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஜகத்துக்குத்தான். அவன் மாத்திச் சொல்லமாட்டான், ஏளா. நான் மேல நின்னா, ‘கீழ வாலே’ன்னு கூப்பிடுவான். கீழ நின்னா, ‘மேல போலே’ன்னு வெரட்டுவான். எங்க வேலையே அதான். நாள் பூரா அதான் பேச்சு. அவன் தப்பாச் சொல்லவே மாட்டான்.”

“அப்படின்னா...”

“அவன்தான் கூப்பிட்டிருக்கான்.”

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஏறும்போது கால்ல என்னமோ தட்டுச்சு. கயிறுன்னு நெனச்சேன். அய்யோ, அது அவன் கையா இருந்துருக்கும், நான் கயிறுன்னுல்லா நெனச்சேன். பதுங்குகுழி பக்கத்துலதான இருந்துச்சு. சார விட்டுட்டுப் போகாம நின்னுருக்கான். குண்டு அவன் மேலயும் பட்டுருக்கு. ஏற முடியல. தனக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலியே! ‘என்னத் தூக்குலே’ன்னு சொல்லிருக்கலாம்லா? நான் தூக்கிருப்பேனே! மேல போ, மேல போன்னு என்னய அனுப்பிட்டுக் கெடந்துருக்கான் பாவி.”

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். ஹரீஷ் சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு காலம் எனக்கு உயிர் கொடுத்தது யார் என்றே தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். ஒரு வினைச்சொல்லைத் திருத்தப்போய் என்ன செய்துவிட்டேன்!

சுத்தியல்

ஹரீஷ் சார்தான் முதலில் தேறினார். “அடுத்த மாதம்வரை இதை வைத்திருக்கக் கூடாது” என்று சொல்லி போனை எடுத்தார். ஜகத்தின் மனைவியைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். தூத்துக்குடி வாசம் அடிக்கிற ஹிந்திதான். ஆனால் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. குண்டு விழுந்தது, குரல் கேட்டது, அந்தக் குரல் யாருடையது என்று இவ்வளவு காலம் தப்பாக நினைத்தது, எல்லாம் சொன்னார். “அம்மா, அவன் ஒளிஞ்சிருக்கல. ஹரீஷ் சார் உயிரைக் காப்பாத்தினது நான்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் இல்ல, அவன்” என்று முடித்தார்.

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

கடைசியில் அந்த அம்மா கேட்டார்: “என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.”

“மேல போலே.”

“அப்படியென்றால்?”

“மேலே போ.”

“என்னைத் தூக்கு என்று சொல்லவில்லையா?”

“இல்லம்மா.”

 அந்த அம்மாவின் குரல் மாறியது. “போனை வைக்காதீர்கள். என் கொழுந்தன் வயலில் நிற்கிறான். அண்ணன் கோழை, அவன் படம் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று ஊரிலே சொன்னவனே அவன்தான். கூட்டிக்கொண்டு வருகிறேன்.”

நாங்கள் மூன்று பேரும் அந்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் செருப்புச் சத்தம் போனது. எங்கேயோ மாடு கத்தியது. மேட்டில் ஆள் ஏறி வருகிற மூச்சு கேட்டது. “என்ன அண்ணி, என்ன ஆயிற்று?” என்று ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

“இப்போது இவனிடம் சொல்லுங்கள்” என்றார் அந்த அம்மா.

முழங்கால் வலிக்காரரான என் வீட்டுக்காரர் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். முதலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை ஹரீஷ் சாரும் தன் பெயரைச் சொல்லி, தன் பதவியைச் சொல்லி, “நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் உங்கள் அண்ணன்” என்றார்.

அந்தக் கொழுந்தன் ஓவென்று அழுதார். அண்ணா, அண்ணா என்று அடித்துக்கொண்டு அழுத அழுகை எங்கள் வீடு முழுக்கக் கேட்டது. 

அந்த அம்மா அழவில்லை. போனுக்குப் பக்கத்தில் நின்று தெளிவாகச் சொன்னார்:

“அழுகையெல்லாம் அப்புறம். முதலில் சுத்தியலை எடு. பள்ளிக்கூடம் பூட்டுவதற்குள் போகணும்.”